முதலில் தேதியைப் பாருங்கள்

சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. போர்டில்தான் ஜெராக்ஸ், சோறு போடுவது டைப்பிங். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் காலை ஏழரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். வாழப்பாடியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் அதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருப்பார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், பாதையை அடைத்துவிட்டான், போர் போட்டும் தண்ணீர் வரவில்லை. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். பதினேழு வருஷமாக 'பொருள்' என்று தட்டித் தட்டி அந்தச் சொல்லுக்கே பொருள் மறந்துவிட்டது எனக்கு.

சுற்றுச்சூழல் வழக்கு என்றால் கருப்புக் கோட்டும் பெரிய தீர்ப்பும் தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். போராட்டம் என்றால் மைக், பறை, வேனில் ஏற்றுவது. நான் இரண்டையும் கீழிருந்து, அதாவது டைப் அடிக்கிற மேஜையிலிருந்து பார்த்தவள். அங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

2018 ஜூன் மாதத்தில் என் கடையில் உட்கார இடமில்லை. எட்டு வழிச்சாலை. சென்னையிலிருந்து சேலத்துக்கு 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம், 10,000 கோடி என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. பூலாவரி, நாழிக்கல்பட்டி, குப்பனூர், ராமலிங்கபுரம் என்று வரிசையாகக் கல் நட்டுக்கொண்டு போனார்கள். வயலில் விழுந்து அழுத பெண்களை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு அடுத்து எங்கே போனார்கள் என்று டிவியில் காட்டவில்லை. அதில் சிலர் என் கடைக்கு வந்தார்கள், ஆட்சேபனை மனு டைப் செய்ய.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நிலம் எடுக்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் ஆட்சேபனை சொல்ல 21 நாள். இருபத்தி இரண்டாம் நாள் நீங்கள் எவ்வளவு அழகாக எழுதிக்கொண்டு போனாலும் அது வெறும் பேப்பர். அதனால் இரவு பத்து மணி வரை தட்டினேன். புல எண், உட்பிரிவு, பரப்பு, கிணறு 1, தென்னை 42, மா 6. ஒரு ஆயா தன் நிலத்து மரங்களை விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு வேப்பமரத்தையும் சேர்க்கச் சொன்னது. கூட வந்த பேரன், "ஆயா, அது பக்கத்துக் காட்டுக்காரனுது" என்றான். "மரந்தான் அவனுது. நெழலு நம்ம காட்டுல தான விழுது, அத எழுது பாப்பா" என்றது ஆயா. நிழலுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 'இதர விவரங்கள்' என்பதில் போட்டேன்.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. வருவாய்ப் பதிவேட்டில் மாற்றிய பெயர்களை எட்டு வாரத்தில் பழையபடி உரிமையாளர் பெயருக்கே மாற்றச் சொன்னது. பட்டாசு வெடித்தார்கள், எனக்கும் லட்டு வந்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்பே அந்த அறிவிப்பைக் கொடுத்தது செல்லும் என்றது, ஆனால் அந்தக் கட்டத்திலேயே பட்டாவில் பெயரை மாற்றியது தப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்ன பகுதியை அப்படியே விட்டது. குப்பனூர் பக்கத்து ஒருவர் கடைக்கு வந்து, "அக்கா, இப்ப நாம ஜெயிச்சமா தோத்தமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. "உங்க நிலம் இப்ப யார் பேர்ல இருக்கு?" என்றேன். "என் பேர்லதான்." "நெல்லு போட்டிருக்கீங்களா?" "போட்டிருக்கேன்." அதற்கு மேல் என்ன சொல்ல. இதை எழுதுகிற வரைக்கும் அந்த ரோடு வரவில்லை.

சரி, இது ஊர் அறிந்த கதை. நான் எழுத வந்தது அதே வருஷத்தில் நான் கோட்டை விட்ட கதை.

என் அம்மா ஊர் சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. பெயர் போடவில்லை. வழக்கு முடிந்தாலும் அங்கே இருப்பவர்கள் தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். ஊருக்கு மேற்கே ஒரு கரடு. வெளியூர்க்காரர்களுக்குக் கரடு என்றால் புரியாது. மலை என்று சொல்ல உயரம் போதாது, மேடு என்று சொன்னால் அதற்கே கோபம் வரும். பாறையும் முள்ளும், இடுக்கில் உசிலையும் வெப்பாலையும். ஆடு மேயும். மழை பெய்தால் அதிலிருந்து ஓர் ஓடை இறங்கி ஏரிக்குப் போகும். சின்ன வயதில் நான் அங்கே உடும்பு பார்த்திருக்கிறேன். அழுங்கு ஒன்று, செதில் செதிலாக, பந்து மாதிரி சுருண்டு கிடந்ததை மாமா டார்ச் அடித்துக் காட்டியிருக்கிறார். வடக்குப் பக்கப் பாறைத் திட்டில் கொம்பன் ஆந்தை ஒரு ஜோடி. அதன் குரல் கேட்டால் ஊரில் சாவு விழும் என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரில் இப்போது ஒருவர்கூட மிஞ்சியிருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் 'காட்டுக்குப் போய்ட்டு வரேன்' என்றால் கடலைக்கோ கிழங்குக்கோ களை எடுக்கப் போகிறேன் என்று அர்த்தம். காடு என்றால் விளைநிலம். நிஜமான காட்டை 'மலை' என்றோ 'பாரஸ்ட்' என்றோ சொல்வோம். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், கூடலூர் பக்கத்து மரவெட்டு விஷயமாக வந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், காடு என்றால் அகராதியில் என்ன பொருளோ அதுதான், பட்டா யார் பேரில் இருந்தாலும் சரி என்று சொன்னது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த அகராதி? எங்கள் ஊர் ஆயாவின் அகராதியில் கரடு காடும் இல்லை, வயலும் இல்லை. வருவாய்த்துறை அகராதியில் அது கல்லாங்குத்து, அதாவது பாறை நிலம். இந்த மூன்று அகராதிக்கும் நடுவில்தான் கல்குவாரிக்காரர் நுழைகிறார்.

2018 ஜூலையில் சின்ன மாமா போன் செய்தார். கரட்டில் ஜேசிபி ஏறுகிறது. நான் எட்டு வழி வேலையில் மும்முரமாக இருந்தேன். "மறியல் பண்ணுங்க மாமா, கலெக்டருக்கு மனு கொடுக்கலாம், நான் டைப் பண்ணித் தரேன்" என்றேன். டைப் பண்ணியும் கொடுத்தேன். 'எங்கள் ஊர் கரட்டைக் காப்பாற்றக் கோருதல்.' முத்திரை குத்தி வாங்கினோம். ஒரு மாதம் பதில் இல்லை. இன்னொரு மனு. ஆகஸ்டில் மறியல், அதில் 23 பேர் மேல் வழக்கு. அதன் பிறகுதான் எனக்கு உறைத்து, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முப்பது நாள் முடியப்போகிற நேரத்தில் கவர் வந்தது.

உள்ளே சுற்றுச்சூழல் அனுமதி நகல். தேதி, பிப்ரவரி மாதத்துத் தேதி.

நம்புங்கள், அந்தத் தேதி எனக்கு அப்போது ஒன்றுமே சொல்லவில்லை. அஸ்தம்பட்டி கோர்ட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அதாவது சுற்றுச்சூழல் வழக்குக்கென்று தனிக் கோர்ட், 2010 சட்டத்தில் வந்தது, நமக்கு அதன் தென் மண்டல அமர்வு சென்னையில். ஒரு சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் 30 நாள். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். ஆக 90. தொண்ணூற்றி ஒன்றாம் நாள் தீர்ப்பாயமே நினைத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது, சட்டம் அவர்கள் கையையும் கட்டிவைத்திருக்கிறது. அனுமதி அல்லாத மற்ற சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதம். கெட்டுப்போனதைச் சீர்செய்யவும் இழப்பீடு கேட்கவும் ஐந்து வருஷம். கிளை கிளையாகப் பிரிகிற இந்தக் கணக்கு எந்தப் போராட்ட மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"எங்களுக்கு யாருமே சொல்லலையே சார், தெரிஞ்ச நாள்ல இருந்துதானே கணக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது, அவரிடம் பதில் தயாராக இருந்தது. அருணாசலப் பிரதேசத்தில் தவாங் பக்கம் 780 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று. புத்த பிக்குகளும் ஊர்க்காரர்களும் எதிர்த்தார்கள். கழுத்து கறுத்த ஒரு பெரிய கொக்கு இனம் பனிக்காலத்துக்கு அந்த ஆற்றுப் படுகைக்கு வரும். அவர்கள் மேல்முறையீடும் தாமதமாகத்தான் வந்தது. 2013இல் தீர்ப்பாயம் என்ன சொன்னதென்றால், அனுமதியை ஊருக்குத் தெரிவிக்க என்னென்ன வழி சட்டத்தில் இருக்கிறதோ அதை முழுசாகச் செய்த நாளிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும். வழக்கு நடந்து 2016 ஏப்ரலில் அந்த அனுமதியை நிறுத்தியும் வைத்தது. ஒரு கொக்குக்காக. "அப்ப நமக்கும் அதே மாதிரி..." என்று நான் ஆரம்பித்தேன். வக்கீல் என் கவரில் இருந்து இரண்டு தாளை உருவிக் காட்டினார். ஒன்று, தமிழ் நாளிதழில் வந்த விளம்பரத்தின் நகல், தீப்பெட்டி சைஸ். இன்னொன்று, ஊராட்சி அலுவலகத்தில் நகல் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து.

எல்லாமே ஒழுங்காகச் செய்திருந்தார்கள். படிக்காதது நாங்கள்தான். அந்த நாளிதழ் தினமும் என் கடைக்கு வருகிறது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊரார் நிலத்துக்கு 21 நாளைத் தவற விடாமல் விழுந்து விழுந்து டைப் அடித்தவள், சொந்தக் கரட்டின் 90 நாள் என் தலைக்கு மேலேயே கழிந்து போனதைக் கவனிக்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தால் தண்டோரா போட்டாவது தெரிந்திருக்கும். 5 ஹெக்டேருக்குள் இருக்கிற குவாரிக்கு அப்போது அதுவும் இல்லை, 2016 ஜனவரியில் வந்த ஓர் அறிவிக்கையால் மாவட்ட அளவிலேயே அனுமதி முடிந்துவிடும். 2018 செப்டம்பரில் தீர்ப்பாயம் அந்த ஏற்பாட்டைத் தப்பு என்று சொல்லி மாற்றச் சொன்னது. எங்களுக்கு ஏழு மாதம் லேட்.

பிறகு அந்த அனுமதி விண்ணப்பத்தை உட்கார்ந்து படித்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம், இங்கிலீஷ். 'அப்பகுதியில் காணப்படும் உயிரினங்கள்' என்ற பக்கத்தில் காகம், மைனா, அணில், ஆடு, மாடு. அவ்வளவுதான். மயில்கூட இல்லை. எங்கள் ஊரில் மயில் இல்லை என்று எழுத ஒன்று கண் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது ஊருக்கே வராதவராக இருக்க வேண்டும். இரண்டு பக்கம் தள்ளி, வேறு ஏதோ மாவட்டத்து ஏரியின் பெயர் வந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, சேவ் ஆஸ் கொடுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மாற்ற மறந்துவிட்டார்கள். நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன், வாடகை ஒப்பந்தத்துக்கு. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ஆந்தை குடியிருக்காது.

தப்பான தகவல் கொடுத்து வாங்கிய அனுமதியை ரத்து செய்ய, சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006 அறிவிக்கையிலேயே இடம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அனுமதி கொடுத்த ஆணையத்துக்கு எழுதலாம் என்றார் வக்கீல். எழுதுவதற்குச் சாட்சி வேண்டும். ஊர்ப் பையன்கள் நான்கு பேர் தேதியும் நேரமும் இடக்குறிப்பும் படத்திலேயே விழுகிற மாதிரி போனில் ஓர் ஆப் போட்டுக்கொண்டு கரட்டில் ஏறினார்கள். முதல் வாரம் எடுத்து வந்தது எல்லாம் செல்ஃபி. "டேய், உங்க மூஞ்சி அட்டவணை ஒன்றுல இல்லடா" என்று திட்டி அனுப்பினேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருப்பது மயில், உடும்பு, அழுங்கு. அடுத்த வாரம் உடும்பு கிடைத்தது, பின்னால் குவாரியின் எல்லைக்கல் தெரிகிற மாதிரி. அந்த ஒரு படத்தை நான் இருபது பிரதி போட்டிருப்பேன். அழுங்கு கடைசி வரை கிடைக்கவில்லை. பாறைத் திட்டில் ஆந்தையின் எச்சமும் எலி மயிர் உருண்டைகளும் கிடந்ததை எடுத்து வந்தார்கள். ஆந்தை அதற்குள் போய்விட்டது.

இங்கே இன்னொரு சங்கதி, இதுவும் எனக்கு அப்போதுதான் தெரியும். பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்கள் என்று ஏழு சட்டத்தைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்: தண்ணீர், தண்ணீர் தீர்வை, வனப் பாதுகாப்பு, காற்று, சுற்றுச்சூழல், பொதுக் கடப்பாட்டுக் காப்பீடு, பல்லுயிர். 1972 வன உயிரினச் சட்டம் அதில் கிடையாது. காட்டெருமைக்காகவோ அழுங்குக்காகவோ அந்தச் சட்டத்தை வைத்து நேராகப் போக வேண்டுமானால் உயர் நீதிமன்றம் போக வேண்டும், அல்லது வனத்துறைக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் செய்யலாம். மறுபடியும் நாள் கணக்கு. தீர்ப்பாயத்தில் ஆந்தையைக் கொண்டுபோனால் 'ஆந்தையைக் காப்பாற்று' என்று கேட்க முடியாது, 'ஆந்தை இருப்பதை மறைத்துவிட்டார்கள்' என்றுதான் கேட்கலாம். உயிருள்ள ஒன்றுக்காகப் போய் அதன் தாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஆந்தையும் இல்லை, உடும்பும் இல்லை. ஓடை. வெட்டிய மண்ணையும் கழிவுக் கல்லையும் ஓடைப் புறம்போக்கில் கொட்டியிருந்தார்கள். ஏரிக்கு வருகிற தண்ணீர் நின்றுவிட்டது. இது அனுமதியின் நிபந்தனையை மீறியது, சீர்செய்யக் கேட்க ஐந்து வருஷம் இருக்கிறது. 2019 ஜனவரியில் மனு போட்டோம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், நான்கு பேர் ஆளுக்கு 250 போட்டார்கள். வக்கீல் இல்லாமல் நாமே நின்று பேசவும் அங்கே அனுமதி உண்டு. ஆனால் எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

டைப் செட் முழுக்க நான்தான். தமிழ் ஆவணம் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். வருவாய்த்துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் 'கல்லாங்குத்து' என்று இருந்தது. நடுராத்திரி, கண் எரிச்சல், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'ராக்கி வேஸ்ட்' என்று போட்டுவிட்டேன். மனுவில் 'கரடு' என்று வருகிற இடத்திலும் அதையே போட்டேன். முதல் விசாரணையிலேயே எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்: மனுதாரரே இதை வேஸ்ட் என்கிறார், வேஸ்ட்டை வெட்டினால் என்ன நஷ்டம்? எங்கள் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கரட்டுக்கு இங்கிலீஷில் என்ன? நான் கேட்காத ஆள் இல்லை. காலேஜ் வாத்தியார் ஒருவர் 'ஹில்லக்' என்றார். ஹில்லக்கில் உசிலை எங்கே, ஓடை எங்கே, ஆடு மேய்க்கிற ஆயா எங்கே. கடைசியில் திருத்திய மனுவில் 'கரடு' என்று அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, அது என்ன என்று ஆறு வரியில் விளக்கம் எழுதினோம். அந்த ஆறு வரிக்கு மூன்று நாள் ஆனது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

வாய்தாவுக்கு வாய்தா ஏற்காடு எக்ஸ்பிரஸ். ராத்திரி சேலத்தில் ஏறினால் விடியுமுன் சென்ட்ரல். வெயிட்டிங் ஹாலில் பல் தேய்த்து, டீ குடித்து, வெளிச்சம் வந்த பிறகு சேப்பாக்கம். தீர்ப்பாயம் இருப்பது நவாப் காலத்துக் கலஸ் மஹாலில், சிவப்புக் கட்டடம், எதிரே கடல். சின்ன மாமா முதல் தடவை வந்தபோது கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம கரட்டுக்கு இவ்ளோ பெரிய எடத்துல பஞ்சாயத்தா" என்றார். எங்கள் வழக்கு பேசப்பட்டது நான்கு நிமிஷம். அடுத்த தேதி.

நேரில் பார்த்து அறிக்கை தர தீர்ப்பாயத்தில் ஒரு கூட்டுக்குழு போட்டார்கள். குழு வருகிற அன்று காலையில் மட்டும் கரட்டில் ஒரு சத்தம் இல்லை, ரோட்டில் தண்ணீர் லாரி தெளித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஊர் முழுக்க ஓடையில் நின்றது. இதைச் சொல்லியாக வேண்டும். பேப்பர்தான் எல்லாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகாரிகள் ஜீப்பை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பேப்பர் சொல்லாது. ஓர் எண்பது வயதுப் பெரியவர் குழுவில் இருந்த பெண் பொறியாளரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கழிவுக் கல்லுக்கு அடியில் பழைய தடுப்பணைச் சுவரைக் கம்பால் தட்டிக் காட்டினார். அறிக்கையில் அந்தச் சுவர் வந்தது. வராமல் இருந்திருந்தால் ஓடை என்று ஒன்று அங்கே இருந்ததற்கே அடையாளம் இல்லை. மறியல் செய்து வழக்கு வாங்கிய 23 பேரில் அவரும் ஒருவர். அந்த வழக்குக்கு இரண்டு வருஷம் நடந்தார்கள். ஒரு பையனுக்குப் பாஸ்போர்ட் தள்ளிப்போனது.

கிடைத்தது என்ன? ஓடையைத் தூர்வாரிக் கொடுத்தார்கள். இழப்பீடு கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் என்ற விதியில் கிழக்குப் பாதி அடிபட்டு அங்கே வெட்டக் கூடாது என்று ஆனது. மேற்குப் பாதி போய்விட்டது. ஆந்தைத் திட்டு இருந்தது வடமேற்கு மூலையில். போன மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது, மாமா வீடியோ அனுப்பினார். பின்னணியில் பாதிக் கரடு, கத்தியால் அறுத்த ரொட்டி மாதிரி நிற்கிறது.

ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால் சேலம் முழுக்கத் தெரியும். சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் குழிகள் பளீரென்று தெரியும். ராத்திரியில் டவுன் வெளிச்சத்தை வைரம் மாதிரி இருக்கிறது என்று டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுப்பார்கள். அந்த வெள்ளைக்கல்லில் வேலை பார்த்துத்தான் என் தாத்தா அம்மாவைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். என் வீட்டு கான்கிரீட்டில் இருக்கிற ஜல்லியும் ஏதோ ஓர் ஊரின் கரடுதான். அதனால் கல்லே வெட்டக் கூடாது என்று பேச எனக்கு வாய் வராது. ஆனால் வெட்டுமுன் ஆந்தை இருக்கிறதா என்று ஒருவர் வந்து பார்த்திருக்கலாம் இல்லையா? அதுகூடப் பெரிய கேள்வியா?

பெரிய தீர்ப்புகள் மேல் எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம்தான். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இயற்கை அன்னை உரிமைகள் உள்ள ஓர் உயிர் என்று அறிவித்தது. வாட்ஸப்பில் எல்லோரும் பகிர்ந்தார்கள், நானும்தான். பிறகு தீர்ப்பை எடுத்துப் படித்தால், அது வனப் புறம்போக்குக்குப் பட்டா கொடுத்த வருவாய்த்துறை ஊழியர் ஒருவரின் தண்டனை பற்றிய வழக்கு. இயற்கை அன்னை அங்கே கட்சிக்காரரே இல்லை. நல்ல வரிகள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தாசில்தார் ஆபீஸ் தபால் பிரிவில் அந்த வரிகளைக் காட்டினால் இன்வார்டு நம்பர்கூடக் கிடைக்காது. போராடிப் பெற்ற விதியும் அப்படித்தான், நிற்கும் என்று நம்பித் தூங்க முடியாது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் தமிழ்நாட்டில் ஒரு விதி வந்தது. சேர்வராயன் அடிவாரத்துக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. 2022 டிசம்பரில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம் இவற்றுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கிவிட்டார்கள். வந்ததற்கு ஊரில் போஸ்டர் ஒட்டினோம். போனது எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது.

இப்போது காலையில் கடை திறந்ததும் நாளிதழின் பின்பக்கங்களைத்தான் முதலில் படிக்கிறேன். ஏலம், பெயர் மாற்றம், காணவில்லை, அதற்கு நடுவில் தீப்பெட்டி சைஸில் 'சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுள்ளது'. கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறேன். சுவரில் தினசரி காலண்டர் பக்கத்தில் இன்னொரு மாதக் காலண்டர் தொங்குகிறது, அதில் சிவப்பு மையில் 30, 90 என்று வட்டம். மூன்று வட்டத்தில் இரண்டு வீண், ஊர்க்காரர்களுக்குப் போன் செய்தால் "பார்த்துக்கலாங்க்கா" என்று வைத்துவிடுகிறார்கள். அனுமதிகளைப் போடுகிற மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் பார்க்கலாம், 2018 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. என் அவசரத்துக்கு அது திறப்பதில்லை.

போன திங்கட்கிழமை கூட்டம் குறைந்து மதியம் சோறு பிரிக்கப்போகிற நேரம், வாழப்பாடி பக்கத்திலிருந்து ஒரு பையன் போட்டோ அனுப்பியிருந்தான். டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த பேப்பர். எண்ணெய்க் கறைக்கு நடுவே அவன் ஊர்ப் பெயர், புல எண், 'சாதாரணக் கற்கள் வெட்டி எடுக்க', மீதி எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. "அக்கா, என்ன பண்ணலாம்? நாளைக்கே மறியல் போட்டுருலாமா?"

"தேதி எங்கடா?" என்றேன்.

பேப்பரின் மேல் பாதி கிழிந்திருந்தது. கடைக்காரரிடம் போய்க் கேள், மீதித் தாளை வேறு யாருக்காவது மடித்துக் கொடுத்திருந்தால் அவர் வீட்டுக்குப் போ, கிடைக்கவில்லை என்றால் லைப்ரரிக்குப் போய் ஒவ்வொரு நாளாகப் புரட்டு, ராத்திரிக்குள் எனக்குத் தேதி வேண்டும் என்றேன். சோறு ஆறிவிட்டது. நான் ஒரு புது ஃபைல் திறந்து 'அனுப்புநர், பெறுநர்' தட்டி வைத்திருக்கிறேன்.